லென்ஸ் ஏன் மூச்சு விடுகிறது? ஃபோக்கஸ் பிரீதிங்கும் மற்ற லென்ஸ் குணங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்யாண வீடியோ எடுப்பவர்கள், குறும்பட ஆட்கள், மழைக்காலம் வந்தால் பூச்சி எடுக்கக் கிளம்பிவிடுகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. பாதிக்கு மேல் ஃபோக்கஸ் பிரீதிங் பற்றியே இருக்கும், அதனால் அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பயப்பட வேண்டாம், போனில் இருக்கும் கால்குலேட்டர் போதும்.

ஃபோக்கஸ் பிரீதிங் என்றால் என்ன?

கேமரா முக்காலியில் இருக்கிறது. நீங்கள் ஜூமைத் தொடவில்லை. முன்னால் எரியும் குத்துவிளக்கில் ஃபோக்கஸ் வைத்திருக்கிறீர்கள். அதை மெதுவாகப் பின்னால் நிற்கும் மணப்பெண்ணிடம் கொண்டுபோகிறீர்கள். விளக்கு மங்கி முகம் தெளிவாக வேண்டும், அவ்வளவுதான் எதிர்பார்ப்பு. ஆனால் கூடவே ஃப்ரேமும் லேசாக விரிகிறது. இதுவரை ஓரத்தில் பாதி மட்டும் தெரிந்த வாழைமரம் முழுசாக உள்ளே வந்துவிடுகிறது. திரும்ப விளக்குக்கு வந்தால் மரம் மறுபடி வெளியே போகிறது. நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது போல ஃப்ரேம் விரிந்து சுருங்குவதால்தான் இந்தப் பெயர். லென்ஸ் மூச்சு விடுகிறது என்று தமிழிலும் தாராளமாகச் சொல்லலாம்.

50 மி.மீ. பிரைம் லென்ஸில் ஜூமே கிடையாதே, அதில் எப்படி ஃப்ரேம் மாறும்?

ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இப்போதே பார்த்துவிடலாம். பகலில் அறையின் விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவருக்குப் பக்கத்தில் நின்று, கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடியுங்கள். தாளை முன்னும் பின்னும் நகர்த்தினால் ஓர் இடத்தில் ஜன்னலும் வெளியே இருக்கும் மரமும் தலைகீழாகத் தெளிவாக விழும். இப்போது கண்ணாடிக்கு முன்னால் ஒரு முழ தூரத்தில் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுங்கள். அதே இடத்தில் சுடர் தெளிவாக விழாது. தாளைப் பின்னால் இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, தாளில் விழும் எல்லாமே பெரிதாகிக்கொண்டே போகும்.

பழைய மாதிரி பிரைம் லென்ஸ்களில் நடப்பது இதுவேதான். சென்சார் அங்கேயே இருக்கிறது, கண்ணாடிக் கூட்டம் மொத்தமும் முன்னால் நகர்கிறது. தூரத்தில் ஃபோக்கஸ் வைத்தால் லென்ஸின் ஒளி மையத்திலிருந்து சென்சார் வரை 50 மி.மீ. கிட்டத்தில் 45 செ.மீ.க்கு ஃபோக்கஸ் வைத்தால் அது சுமார் 57 மி.மீ. ஆகிவிடும். ஃப்ரேம் ஏறக்குறைய 57 மி.மீ. லென்ஸ் போட்டது போல இறுகிவிடும்.

இதில் அழகான ஒரு விஷயம் இருக்கிறது. இப்படி மொத்தமாக நகரும் லென்ஸில், உருப்பெருக்கம் எவ்வளவோ அவ்வளவுதான் பிரீதிங். அந்த 50-ன் அதிகபட்ச உருப்பெருக்கம் சுமார் 0.15. அதாவது பொருளின் நிஜ அளவில் 15 சதவீதம் சென்சாரில் விழுகிறது. அதே 15 சதவீதம்தான் படமும் பெரிதாகிறது. லென்ஸின் விவரத் தாளில் இருக்கும் இந்த ஒரு எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கோ விலைக்கு அடுத்தபடியாக முதலில் பார்க்கும் எண் அது.

என் 70–200 லென்ஸில் கிட்ட வரும்போது ஃப்ரேம் சுருங்காமல் விரிகிறதே?

அது உள் ஃபோக்கஸ் லென்ஸ். இன்றைய ஆட்டோஃபோக்கஸ் லென்ஸ்களில் பெரும்பாலானவை இந்த வகை. மொத்தக் கண்ணாடியையும் தள்ள மோட்டாருக்குச் சிரமம் என்பதால், உள்ளே இருக்கும் சின்ன ஒரு குழு மட்டும் நகர்கிறது. அது நகரும்போது ஃபோக்கல் லென்த்தே, அதாவது லென்ஸ் எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்று சொல்லும் அந்த மி.மீ. எண்ணே, குறைகிறது. லென்ஸ் மேல் 200 என்று அச்சடித்திருப்பது கடைசித் தூரத்தில் (முடிவிலியில்) ஃபோக்கஸ் வைத்தால் மட்டும் செல்லும் எண்.

எவ்வளவு குறைகிறது என்று நாமே போட்டுப் பார்க்கலாம். மிகக் குறைந்த ஃபோக்கஸ் தூரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். உருப்பெருக்கம், ஒன்றை அதனால் வகுத்தது, அப்புறம் 2, இந்த மூன்றையும் கூட்டித் தூரத்தை அதனால் வகுத்தால் அந்தத் தூரத்தில் உள்ள ஃபோக்கல் லென்த் தோராயமாகக் கிடைக்கும்.

நிக்கான் 2009-ல் வெளியிட்ட 70–200 எஃப் 2.8 வி.ஆர். 2 லென்ஸை எடுப்போம். குறைந்த தூரம் 1.4 மீட்டர், உருப்பெருக்கம் 0.12. கூட்டினால் 0.12 + 8.33 + 2 = 10.45. 1400-ஐ 10.45-ஆல் வகுத்தால் 134. அதாவது 200-ல் வைத்து மணப்பெண்ணின் கண்ணருகே போய் நின்றால் உள்ளே இருப்பது 134 மி.மீ. லென்ஸ். கிட்ட ஃபோக்கஸ் வைக்கும்போது வரும் 12 சதவீதப் பெருக்கத்தையும் சேர்த்தால், ஃப்ரேம் 150 மி.மீ. லென்ஸில் கிடைப்பது போல இருக்கும். வெளிவந்த காலத்தில் இதைப் பற்றிப் பெரிய சண்டையே நடந்தது. அதே நிறுவனம் 2016-ல் வெளியிட்ட அடுத்த பதிப்பில் தூரம் 1.1 மீட்டர், உருப்பெருக்கம் 0.21. இதே கணக்கைப் போட்டால் 158 வரும். 21 சதவீதம் சேர்த்தால் 191. கிட்டத்தட்ட 200-க்குப் பக்கத்தில் வந்துவிட்டது!

அப்படியானால் பிரீதிங் இல்லாத லென்ஸ் என்றால் ஃபோக்கல் லென்த் மாறாத லென்ஸ்தானே?

இல்லை, நேர் எதிர். பலர் இடறும் இடம் இது.

ஃபோக்கல் லென்த் மாறவே மாறாத லென்ஸ் என்பது மேலே சொன்ன பழைய 50. அதுதான் நன்றாக மூச்சு விடும். பிரீதிங் வராமல் இருக்க வேண்டுமென்றால், கிட்டத்தில் ஃபோக்கஸ் வைக்கும்போது படம் எவ்வளவு பெரிதாகிறதோ அதே அளவுக்கு ஃபோக்கல் லென்த் குறைந்து அதைச் சமன் செய்ய வேண்டும். 10 சதவீதம் பெரிதாகும் இடத்தில் 100 மி.மீ. லென்ஸ் 91 ஆக வேண்டும். குறைவது போதாவிட்டால் ஃப்ரேம் சுருங்கும், அதிகமாகக் குறைந்தால் விரியும். ஒவ்வொரு தூரத்திலும் இந்தத் தராசு முள் நடுவில் நிற்க வேண்டும், அதே நேரம் கூர்மையும் கெடக் கூடாது. அதற்காக இரண்டு மூன்று கண்ணாடிக் குழுக்களை வெவ்வேறு வேகத்தில் நகர்த்துகிறார்கள். எடையும் விலையும் ஏறுவதற்கு இது ஒரு காரணம்.

அதனால் "கிட்டத்தில் 200 உண்மையான 200 இல்லை, ஏமாற்றிவிட்டார்கள்" என்று யாராவது சொன்னால் நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். கொஞ்சம் குறைந்தே ஆக வேண்டும். அளவுக்கு மீறிக் குறைந்தால்தான் புகார்.

நான் போட்டோ மட்டும்தான் எடுக்கிறேன். இதற்கெல்லாம் கவலைப்பட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். போட்டோவில் ஃப்ரேம் மாறினால் ஓர் அடி முன்னே போய்விடுவீர்கள், கதை முடிந்தது. டெலியில் கிட்டத்து முகம் எடுக்கும்போது எதிர்பார்த்த இறுக்கம் கிடைக்காமல் போகலாம். மேக்ரோ, அதாவது பூச்சி மாதிரி சின்னப் பொருட்களை மிகக் கிட்டத்தில் பெரிதாக எடுப்பவர்களுக்கு மட்டும் இது நிஜமான விஷயம்.

மேக்ரோவில் என்ன நடக்கிறது?

கேனன் 100 மி.மீ. எல் மேக்ரோவைப் பாருங்கள், ஈ.எஃப். மவுன்ட்டில் வந்தது. குறைந்த தூரம் 30 செ.மீ., உருப்பெருக்கம் ஒன்றுக்கு ஒன்று. கணக்கில் போட்டால் 300-ஐ 4-ஆல் வகுக்க வேண்டும், 75 வரும். 100 என்று வாங்கிய லென்ஸ் முழு உருப்பெருக்கத்தில் 75 ஆகிறது. ஃபோக்கல் லென்த் குறைவதால் நீங்கள் எதிர்பார்த்ததைவிட பூச்சிக்குப் பக்கத்தில் போக வேண்டியிருக்கிறது, தட்டான் பறந்துவிடுகிறது. பூச்சி எடுப்பவர்களுக்கு 180, 200 மேக்ரோ மேல் ஆசை வருவது சும்மா இல்லை.

வெளிச்சமும் குறையும். படம் இரண்டு மடங்கு பெரிதாகும்போது அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் பரவுகிறது. எஃப் 2.8 என்று வைத்திருந்தாலும் ஒன்றுக்கு ஒன்றில் கிடைப்பது எஃப் 5.6-க்குச் சமமான ஒளி, அதாவது இரண்டு ஸ்டாப் நஷ்டம் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது). இதை நிக்கான் கேமராக்கள் அபெர்ச்சர் (லென்ஸுக்குள் ஒளி நுழையும் துவாரம்) எண்ணிலேயே மாற்றிக் காட்டும். கேனனில் எண் அப்படியே நிற்கும். ஒளி குறைவது இரண்டிலும் ஒன்றுதான். நிக்கானுக்கு மாறியவர்கள் "லென்ஸ் 2.8-க்கு வரவே மாட்டேன் என்கிறது, ரிப்பேரா?" என்று கேட்பார்கள். ரிப்பேர் இல்லை.

ஸ்டாக்கிங், அதாவது ஃபோக்கஸை நகர்த்தி நகர்த்தி எடுத்த பல படங்களை ஒன்றாக அடுக்குவது, செய்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். முப்பது படத்தில் ஃபோக்கஸை நகர்த்தினால் முப்பது படமும் முப்பது அளவில் இருக்கும். மென்பொருள் அளவைச் சரிசெய்து அடுக்கிவிடும், ஆனால் ஓரங்களை வெட்டும். எறும்பின் உணர்கொம்பை ஃப்ரேம் ஓரத்தில் ஒட்டி வைத்தால் போச்சு. சுற்றிலும் இடம் விடுங்கள்.

என் லென்ஸ் எவ்வளவு மூச்சு விடுகிறது என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

ஒரு சுவர், மின்வேலைக்கு ஒட்டும் கறுப்பு டேப், ஒரு முக்காலி போதும். சுவரில் குறுக்காக 5 செ.மீ.க்கு ஒன்றாகச் சின்னச் சின்ன டேப் துண்டுகளை ஒட்டுங்கள். நடுத் துண்டை மட்டும் நீளமாக விடுங்கள், எண்ணும்போது குழம்பாது. கேமராவை 2 மீட்டர் தள்ளி, சுவருக்கு நேராக வையுங்கள். அபெர்ச்சரை எஃப் 16 அல்லது 22-க்குச் சுருக்குங்கள், இல்லாவிட்டால் ஃபோக்கஸ் போன டேப்பை எண்ண முடியாது. ஆட்டோஃபோக்கஸை அணைத்துவிட்டு வளையத்தைக் கடைசித் தூரத்துக்குத் திருப்பி ஒரு படம், மிகக் கிட்டத்துக்குத் திருப்பி ஒரு படம்.

இரண்டிலும் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை டேப் என்று எண்ணுங்கள். ஃபுல் ஃப்ரேமில் பழைய மாதிரி 50 என்றால், கணக்குப்படி முதல் படத்தில் சுமார் 144 செ.மீ. சுவர் தெரியும், இரண்டாவதில் சுமார் 126. பதின்மூன்று சதவீதம் சுருங்கியிருக்கிறது. இரண்டு மூன்று சதவீதத்துக்குள் வந்தால் வீடியோவில் யாருக்கும் தெரியாது, தைரியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூம் லென்ஸ் என்றால் இரு முனையிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒரு முனையில் சுருங்கி மறு முனையில் விரியும் லென்ஸ்களும் உண்டு.

அபெர்ச்சரைச் சுருக்கினால் பிரீதிங் குறையுமா?

குறையாது. இன்னும் நன்றாகத்தான் தெரியும். எஃப் 1.8-ல் பின்னணி கரைந்து கிடப்பதால் அது நகர்வது கண்ணில் படாது. எஃப் 8-ல் ஜன்னல் கம்பி, கதவு நிலை எல்லாம் கோடாகத் தெரியும், கோடு நகர்ந்தால் கண் உடனே பிடித்துவிடும்.

ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய கிராப் சென்சாரில்?

அதே சதவீதம்தான். ஃப்ரேம் சிறியது, மாற்றமும் அதே விகிதத்தில் சிறியது.

கேமரா மெனுவில் 'பிரீதிங் காம்பன்சேஷன்' என்று ஒன்று இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் போதாதா?

சோனி 2021-ல் ஆல்ஃபா 7 மார்க் 4-ல் இதைக் கொண்டுவந்தது. கேனன் 2022-ல் வந்த ஆர் 6 மார்க் 2-ல் இதே மாதிரி ஒன்றைத் தந்தது. தந்திரம் எளிமையானது. எந்தத் தூரத்தில் எவ்வளவு ஃப்ரேம் கிடைக்கும் என்று கேமராவுக்குத் தெரியும். மிக இறுகும் இடத்தின் ஃப்ரேமையே அளவாக வைத்துக்கொண்டு, மற்ற தூரங்களிலும் அந்த அளவுக்கு வெட்டிப் பெரிதாக்கிக் காட்டுகிறது. அதனால் போட்டவுடனே ஃப்ரேம் கொஞ்சம் இறுகும், அது கோளாறு இல்லை. லென்ஸின் விவரம் கேமராவுக்குத் தெரிய வேண்டும் என்பதால் ஆதரிக்கும் லென்ஸ்களில் மட்டுமே வேலை செய்யும். அடாப்டரில் மாட்டிய பழைய மேனுவல் லென்ஸை எதுவும் செய்யாது.

பேட்டி, பொருள் விளம்பரம், ஆட்டோஃபோக்கஸ் ஓடும் நீண்ட ஷாட் என்றால் போட்டுக்கொள்ளுங்கள். வைட் வேண்டும் என்று கெஞ்சும் சின்ன அறையில் அணைத்துவிடுங்கள்.

எடிட்டிங்கில் சரிசெய்யலாமா?

செய்யலாம். ஃபோக்கஸ் மாறும் அந்த ஒன்றிரண்டு நொடிக்கு மட்டும் ஸ்கேலில் கீஃப்ரேம் வைத்து, படத்தின் அளவைப் படிப்படியாக மாற்ற வேண்டும். ஒரு ஷாட்டுக்குச் சரி. நாற்பது ஷாட்டுக்கு என்றால் லென்ஸை மாற்றுவதே மலிவு.

படப்பிடிப்பில் எப்படி மறைப்பது?

கேமராவும் ஆளும் அசையாமல் இருக்கும்போது ஃபோக்கஸ் மட்டும் போனால் லென்ஸ் மூச்சு விடுவது அம்மணமாகத் தெரியும். ஏதாவது ஒன்று நகர்ந்தால் கண் அதன் பின்னால் போய்விடும்.

ஒரு குறும்படத்தில் எனக்கு இது வகையாக மாட்டியது. மேஜை மேல் கடிதம், பின்னால் வாசல்படியில் அப்பா. கடிதத்திலிருந்து அப்பாவுக்கு ஃபோக்கஸ் போக வேண்டும். பழைய மேனுவல் 50. போகும்போதெல்லாம் மேஜை விளிம்பு ஃப்ரேமுக்குள் ஏறி வந்தது. ஃபோக்கஸ் புல்லர் (ஃபோக்கஸ் வளையத்தைத் திருப்புபவர்) மெதுவாக இழுத்துப் பார்த்தார், வேகமாக இழுத்துப் பார்த்தார். மெதுவாகப் போனால் இன்னும் மோசம். கடைசியில் நடிகரிடம், குனிந்திருந்து தலையைத் தூக்கச் சொன்னோம். தலை தூக்கும் அதே நொடியில் ஃபோக்கஸ் போனது. மேஜை விளிம்பு அப்போதும் நகர்ந்தது. அதற்குப் பிறகு அந்தப் படத்தைப் பார்த்தவர்களில் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் இன்றைக்கும் அந்த விளிம்புதான் தெரிகிறது.

கடிதத்தைக் கொஞ்சம் பின்னால் நகர்த்தியிருந்தாலும் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். பிரீதிங்கின் பெரும்பகுதி கிட்டத்துக் கடைசி ஓர் அடியில்தான் இருக்கிறது. 3 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்குப் போகும்போது ஒன்றும் தெரியாது.

சினிமா லென்ஸ்கள் ஏன் லட்சங்களில் விற்கின்றன? கண்ணாடி ஒன்றுதானே?

கண்ணாடியைவிட அதைச் சுற்றியிருக்கும் இயந்திர வேலைக்கே அதிகக் காசு. இங்கிலாந்தின் லெஸ்டர் ஊரில் செய்யப்படும் குக் எஸ் 4 வரிசை, ஆரி, சைஸ் நிறுவனங்கள் சேர்ந்து செய்த டி 1.3 மாஸ்டர் பிரைம் வரிசை இரண்டுமே பிரீதிங்கை அடக்கியதற்காகப் பேசப்பட்டவை. ஃபோக்கஸ் வளையம் கிட்டத்திலிருந்து தூரம் வரை ஏறக்குறைய முக்கால் சுற்று சுற்றும், அதனால் அடிக்கணக்கில் குறி போட்டுத் துல்லியமாக இழுக்கலாம். போட்டோ லென்ஸிலோ கால் சுற்றில் எல்லாம் முடிந்துவிடும். போதாக்குறைக்கு, பல புது லென்ஸ்களில் வளையத்துக்கும் கண்ணாடிக்கும் நேரடித் தொடர்பே இல்லை, நடுவில் மோட்டார்தான் பேசுகிறது. வேகமாகத் திருப்பினால் ஓர் இடத்திலும் மெதுவாகத் திருப்பினால் வேறு இடத்திலும் போய் நிற்கும். மெனுவில் 'லீனியர்' என்ற வசதி இருந்தால் வீடியோவுக்கு அதைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வரிசையின் எல்லா லென்ஸும் ஒரே நிறம் தர வேண்டும், பல்சக்கரங்கள் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். இதையெல்லாம் சொந்தமாக வாங்குபவர்கள் குறைவு. நாள் வாடகைக்கு எடுப்பதே வழக்கம்.

எஃப் எண்ணும் டி எண்ணும் வேறு வேறா?

எஃப் என்பது வெறும் வடிவக்கணக்கு, ஃபோக்கல் லென்த்தை அபெர்ச்சர் விட்டத்தால் வகுப்பது. கண்ணாடி எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அதற்குத் தெரியாது. டி என்பது உண்மையில் சென்சாருக்கு வந்து சேரும் ஒளி. எஃப் 2.8 லென்ஸ் 80 சதவீத ஒளியைக் கடத்தினால் அது டி 3.1. வித்தியாசம் சின்னதுதான், ஆனால் ஒரே காட்சியை மூன்று லென்ஸில் எடுத்து ஒட்டும்போது ஒரு ஷாட் மங்கலாகத் தெரியும்.

பெரிய வித்தியாசம் பார்க்க ஆசை என்றால் சோனியின் 100 மி.மீ. எஸ்.டி.எஃப். லென்ஸ் இருக்கிறது. அதன் அபெர்ச்சர் எஃப் 2.8, கிடைக்கும் ஒளியோ டி 5.6. பின்னணி மங்கல் வெண்ணெய் மாதிரி கரைய வேண்டும் என்பதற்காக, ஓரம் போகப் போகக் கறுக்கும் ஒரு வடிகட்டியை உள்ளேயே வைத்திருக்கிறார்கள். இரண்டு ஸ்டாப் ஒளி அதற்குப் பலி.

ஜூம் செய்தவுடன் ஃபோக்கஸ் போய்விடுகிறது. லென்ஸ் கெட்டுவிட்டதா?

இல்லை. ஜூம் மாறினாலும் ஃபோக்கஸ் நிற்கும் லென்ஸ் பார்ஃபோக்கல், நிற்காதது வேரிஃபோக்கல். போட்டோவுக்கான ஜூம்கள் பெரும்பாலும் இரண்டாவது ரகம். தோளில் வைத்து எடுக்கும் வீடியோ கேமரா காலத்தில் பழகியவர்களுக்குக் கை தானாகப் போகும்: முழுசாக ஜூம் போட்டு, கண்ணில் ஃபோக்கஸ் வைத்து, பின்னால் வந்து ஷாட் எடுப்பது. தொலைக்காட்சி லென்ஸ்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. அந்தப் பழக்கத்தை 24–70-ல் காட்டினால் தாலி கட்டும் நேரத்தில் ஐயர் பூணூல் மட்டும் தெளிவாக இருக்கும். எந்த ஜூமில் எடுக்கப் போகிறீர்களோ அங்கே வந்த பிறகு ஃபோக்கஸ் வையுங்கள்.

உண்மையான பார்ஃபோக்கல் லென்ஸிலும் இதே கோளாறு வந்தால் பேக் ஃபோக்கஸ், அதாவது லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவே உள்ள தூரம், விலகியிருக்கும். அது சரிசெய்யக் கூடியது.

அனமார்ஃபிக் லென்ஸில் பிரீதிங் வேறு மாதிரி இருக்கிறதே?

அகலத்தை மட்டும் நெருக்கிப் பதிவுசெய்துவிட்டு, காட்டும்போது விரிப்பதுதான் அனமார்ஃபிக். பிரெஞ்சுக்காரர் ஆன்ரி கிரேத்தியனின் கண்டுபிடிப்பை வைத்து 1953-ல் ஹாலிவுட் சினிமாஸ்கோப்பைத் தொடங்கியது. தமிழுக்கு அது 1973-ல் வந்தது. குறுக்குவாட்டில் ஒரு ஃபோக்கல் லென்த், நெடுக்குவாட்டில் அதைப்போல இரு மடங்கு. அதனால் ஃபோக்கஸ் மாறும்போது பின்னணி சமமாக விரிவதில்லை, உயரவாக்கில் இழுபடுகிறது. தூரத்து விளக்குகள் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் நிற்பதும் இதனால்தான்.

ஆரம்ப கால லென்ஸ்களில் இன்னொரு சங்கடம் இருந்தது. கிட்டத்தில் ஃபோக்கஸ் வைத்தால் நெருக்கும் அளவு குறைந்துவிடும், திரையிலோ முழுசாக விரிப்பார்கள். நாயகியின் முகம் வீங்கிவிடும். பொன்னுக்கு வீங்கி வந்தது போல இருந்ததால் அந்த நோயின் பெயரையே இதற்கும் வைத்தார்கள். பனாவிஷன் நிறுவனத்தின் ராபர்ட் காட்சாக் இதற்குத் தீர்வு கண்டார். அந்நிறுவனம் ஹாலிவுட்டில் வேரூன்றியதில் அந்தத் தீர்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

இன்று இந்த இழுபடுதலை யாரும் குறையாகப் பார்ப்பதில்லை. அதற்காகவே அனமார்ஃபிக் கேட்கிறார்கள். லென்ஸ் விஷயத்தில் குறைக்கும் குணத்துக்கும் நடுவே உள்ள கோடு காலத்துக்குக் காலம் நகர்கிறது.

மண்டபத்து சீரியல் விளக்குகள் நடுவில் வட்டமாகவும் ஓரத்தில் பூனைக்கண் மாதிரியும் விழுகின்றன. ஏன்?

ஒரு குழாய்க்குள் நேராகப் பார்த்தால் வாய் வட்டமாகத் தெரியும். சாய்ந்து பார்த்தால் முன் விளிம்பும் பின் விளிம்பும் ஒன்றையொன்று மறைத்து, வாய் இலை வடிவமாகிவிடும். லென்ஸும் ஒரு குழாய்தான். ஒன்றிரண்டு ஸ்டாப் சுருக்கினால் சரியாகும், ஆனால் அபெர்ச்சர் இதழ்களின் மூலைகள் தெரிய ஆரம்பிக்கும்.

வட்டத்துக்குள் வெங்காயத்தை வெட்டியது போல வளையம் வளையமாகத் தெரிந்தால், அது அச்சில் வார்த்த ஆஸ்ஃபெரிக்கல் (கோள வளைவு இல்லாத) கண்ணாடியின் மேற்பரப்பில் உள்ள நுண்ணிய வரிகள். அதை எதனாலும் போக்க முடியாது.

விளக்குகள் இருக்கும் ஃப்ரேமில், அதே விளக்குகள் தலைகீழாக எதிர்ப்பக்கத்திலும் பச்சையாகத் தெரிகின்றன.

முன்னால் பாதுகாப்புக்கு மாட்டிய யு.வி. ஃபில்டரைக் கழற்றுங்கள். பெரும்பாலும் அதோடு போய்விடும்.

ஒளி திரும்புவதைக் குறைக்கும் பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். பத்துக் கண்ணாடி, இருபது பரப்பு என்றால் மறுபக்கம் வருவது 44 சதவீதம்தான். மீதி உள்ளே அலைந்து படத்தை வெளிறடிக்கும். 1935-ல் சைஸ் நிறுவனத்தில் அலெக்சாண்டர் ஸ்மாகுலா கண்டுபிடித்த பூச்சு இல்லாவிட்டால் இன்றைய ஜூம் எதுவுமே சாத்தியமில்லை. பல அடுக்குப் பூச்சில் இழப்பு பரப்புக்கு அரை சதவீதம் என்று வைத்தால் அதே இருபது பரப்பில் 90 சதவீதம் கிடைக்கிறது. அவ்வளவு பாடுபட்டுச் செய்த லென்ஸின் முன்னால் மலிவான கண்ணாடி ஒன்றை மாட்டுவதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும்.

ஜரிகையைச் சுற்றி ஊதா, பச்சை நிறம் ஏறுகிறதே?

இதில் இரண்டு வகை. ஃபோக்கஸுக்கு முன்னால் ஊதா, பின்னால் பச்சை என்று ஃப்ரேம் நடுவிலும் வந்தால் அது நீளவாட்டு நிறப்பிறழ்ச்சி. அபெர்ச்சரை எஃப் 2.8, 4 என்று சுருக்கினால் குறையும், மென்பொருளில் முழுசாகப் போகாது. வானத்தை ஒட்டிய தென்னங்கீற்றுக்கு ஃப்ரேம் மூலையில் மட்டும் சிவப்பு, நீல விளிம்பு வந்தால் அது பக்கவாட்டுப் பிறழ்ச்சி. சுருக்கினால் போகாது, மென்பொருளில் ஒரு டிக் போட்டால் போய்விடும்.

குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்பவர்கள் குண்டாகத் தெரிகிறார்கள். மலிவு லென்ஸ் என்பதாலா?

இல்லை, விலை உயர்ந்த லென்ஸிலும் அப்படித்தான். நேர்கோட்டை நேர்கோடாகக் காட்டும் எந்த வைட் லென்ஸும் ஓரத்தில் இருக்கும் உருண்டையான பொருளை இழுத்தே காட்டும். ஃபுல் ஃப்ரேமில் 24 மி.மீ. போட்டால் இடது வலது ஓரத்தில் உள்ள தலை உயரத்தைவிட 25 சதவீதம் அகலமாகும். 50 மி.மீ. என்றால் 6 சதவீதம். இடம் இருந்தால் பின்னால் போய் 35 அல்லது 50-ல் எடுங்கள். இல்லாவிட்டால் மூன்று வரிசையாக நிறுத்தி ஓரத்தில் காலி இடம் விடுங்கள். மாப்பிள்ளையின் அத்தையை மட்டும் ஓரத்தில் நிறுத்தாதீர்கள், ஆல்பம் வந்த அன்றைக்கே போன் வரும்.

போனில் பூவுக்குப் பக்கத்தில் போனால் ஃப்ரேம் திடீரென்று தாவுகிறது. அதுவும் பிரீதிங்கா?

தாவினால் அது பிரீதிங் இல்லை, லென்ஸே மாறுகிறது. ஐபோனில் 2021-ன் 13 ப்ரோவிலிருந்து, கிட்டப் போனதும் அல்ட்ரா வைட் லென்ஸுக்குத் தானாக மாறிவிடும். அமைப்பில் அதை நிறுத்திக்கொள்ளலாம். பிரீதிங் மெதுவாக வரும். 6 மி.மீ. போன் லென்ஸ் 10 செ.மீ.யில் ஃபோக்கஸ் வைத்தால் அதுவும் சுமார் 6 சதவீதம் மூச்சு விடும்.

குறைந்த ஃபோக்கஸ் தூரத்தை லென்ஸின் முன் கண்ணாடியிலிருந்து அளக்க வேண்டுமா?

சென்சாரிலிருந்து. கேமராவின் மேல்பக்கத்தில் ஒரு சின்ன வட்டத்தைக் கோடு ஒன்று வெட்டுவது போல ஒரு குறி இருக்கும், சென்சார் அந்தக் கோட்டுக்கு நேர் கீழே இருக்கிறது. 30 செ.மீ. மேக்ரோவில் லென்ஸும் ஹூடும் அதில் பாதிக்கு மேல் சாப்பிட்டுவிடும், அதனால் பூச்சி எடுக்கும்போது ஹூடைக் கழற்றிவிடுங்கள்.